வன்னியில் காட்டுப் பன்றி இறைச்சி வாங்கும்போது அது நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தைப் பார்த்து வாங்கலாமா, மணந்து பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் லீவில் வந்தவர், அல்லது வேலை மாற்றலாகிப் புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். ஊர்க்காரர் இதைக் கேட்கமாட்டார், யார் கொண்டுவந்தது என்று மட்டும்தான் கேட்பார். அந்தக் கேள்விதான் சரியான கேள்வி, ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

துண்டு போட்டு ஷொப்பிங் பையில் கட்டிக் கொண்டுவந்த இறைச்சியில் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் குடலோடும் ஈரலோடும் போய்விட்டது.

எனக்கு ஊர் வன்னியில் முள்ளியவளைப் பக்கம். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில், வேட்டை இறைச்சி பதப்படுத்தும் கூடம் ஒன்றில் 11 வருடம் வேலை செய்தேன். முதல் நான்கு வருடம் தோல் உரிப்பு, அப்புறம் வாசலில் நின்று வருகிற உடல்களைப் பொறுப்பெடுக்கும் வேலை. நவம்பர், டிசம்பரில் கூட்டு வேட்டை நடக்கும், ஒரே இரவில் பன்றி வண்டி வண்டியாக வரும். ஒவ்வொன்றிலும் இலக்கத் தகடு இருக்கும், கூடவே ஒரு தாள். எங்கே, எப்போது சுட்டது, சுடுவதற்கு முன் அந்த மிருகம் ஒழுங்காக நடமாடியதா, குடலை எடுக்கும்போது ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா என்று பயிற்சி பெற்ற வேட்டைக்காரர் பார்த்துச் சொல்லவேண்டும். குடலையும் இரைப்பையையும் சுட்ட பிறகு எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக எடுத்திருக்கவேண்டும். பன்றி என்றால் தலையும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் உடலோடு வந்தே ஆகவேண்டும், கோரைப்பல்லை மட்டும் வேட்டைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். தசைக்குள் சுருண்டு கிடக்கும் ட்ரிக்கினெல்லா புழுவைத் தேடத்தான் இது. தசைத் துண்டை அமிலத்திலும், பெப்சின் என்ற செரிமான நொதியிலும் கரைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள், வெறும் கண்ணுக்கு அது தெரியாது. பவேரியாவில் இன்னொன்றும் உண்டு. 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது வந்து விழுந்த கதிரியக்கப் பொருள் இன்னும் அந்தக் காட்டு மண்ணில் இருக்கிறது. பன்றி மண்ணைக் கிளறி நிலத்துக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைத் தின்னும், அதன் வழியாகச் சீசியம் என்ற அந்தக் கதிரியக்கப் பொருள் இறைச்சிக்குள் போகும். கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல், கிலோவுக்கு 600 பெக்கரலுக்கு மேல் போனால் விற்க முடியாது.

என் கையில் இருந்தது வெப்பமானியும் கத்தியும் டோர்ச்சும்தான். இறைச்சி 7 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். உடல்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்துக் கொண்டுவந்தால் அந்த வண்டியை நான் நம்பமாட்டேன், ஏனென்றால் பன்றிக்குக் கொழுப்பும் மயிரும் போர்வை மாதிரி, வெளியே குளிர்ந்திருக்கும், தொடைக்குள் எலும்போடு சேர்ந்த இடம் சூடாகவே கிடந்து புளித்துப்போகும்.

இப்போது ஊர்க்கதை. இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வீட்டில் நின்றபோது விடியற்காலையில் மச்சானின் கூட்டாளிகள் ஒரு பன்றியைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார்கள். வயலில் கட்டுத்துவக்கில், அதாவது மிருகம் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டிவைத்த துவக்கில் பட்டதாம், "இப்பத்தான் அண்ணை, ஒரு மணித்தியாலம்கூட இல்லை" என்றார்கள். வயிறு ஊதியிருந்தது. கிழித்தபோது உள்சுவர் பச்சை படர்ந்து கிடந்தது. பின்தொடைக்குள் கத்தியை எலும்புவரை இறக்கி எடுத்து மணந்தேன், போதும் என்றாகிவிட்டது. அது முன்னிரவிலேயே செத்த பன்றி. ஈரலைக் கேட்டேன், அதில் வெள்ளையாகச் சிறு முடிச்சுகள். அது என்ன நோய் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஆனால் எங்கள் கூடத்தில் அப்படி ஒன்று வந்தால் மிருக வைத்தியர் பார்த்து முடிவு சொல்லும்வரை நகராது.

புதைத்துவிடுங்கள் என்றேன். மச்சான் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. "நாங்கள் பிறந்த நாள் முதல் தின்கிறோம்" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், நானும் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் என் தாத்தா சுட்ட பன்றி அவர் கண்ணுக்கு முன்னால் ஓடிய பன்றி. கட்டுத்துவக்கிலும் சுருக்கிலும் விழுந்ததை உயிரோடு யாரும் பார்த்ததில்லை, அது நொண்டியதா, தள்ளாடியதா, எத்தனை மணிக்குச் செத்தது, யாருக்கும் தெரியாது. கட்டுத்துவக்கு மனிதரின் காலையும் எடுக்கும் பொறி, அதைக் கட்டுவதே குற்றம்.

நான் வேட்டைக்கு ஆள் சேர்ப்பதாக யாரும் கீழே எழுதவேண்டாம். மான், மரை பாதுகாக்கப்பட்டவை, அந்த இறைச்சியைத் தந்தால் வாங்காதீர்கள். பன்றியைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன். பன்றி ஏன் சாகிறது என்று கேட்பவர்கள் அக்காவின் வயலை வந்து பார்க்கவேண்டும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். நட்டஈட்டுக்கு எழுதிக்கொடுக்கப் போனால் காணி உறுதியைக் கொண்டுவா என்று ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். 2009 இல் உடுத்த துணியோடு வந்த சனத்திடம் எந்த உறுதி இருக்கும்? இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதையே கேட்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

சரி, உங்கள் கேள்வி. வாங்குவதென்றால் வெட்டும் இடத்துக்கே போங்கள். கண்ணால் கண்டு சுட்டதா, எத்தனை மணிக்கு, குடலை எப்போது எடுத்தது என்று கேளுங்கள். ஈரலையும் நுரையீரலையும் எறிய முன் காட்டச் சொல்லுங்கள், முடிச்சோ சீழோ வீங்கிய நெறிக்கட்டியோ தெரிந்தால் திரும்பி வாருங்கள். வெடிபட்ட இடத்தைச் சுற்றி அகலமாக வெட்டி எறியச் சொல்லுங்கள். கையில் காயம் இருந்தால் பச்சை இறைச்சியைத் தொடாதீர்கள். உள்ளே சிவப்பு இல்லாமல் வேகவேண்டும். பன்றி வத்தலை, அதாவது உப்பிட்டுக் காயவைத்த இறைச்சியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உப்பும் வெயிலும் புகையும் ட்ரிக்கினெல்லா புழுவைக் கொல்லும் என்று நம்பக்கூடாது, ஃபிரிட்ஜில் உறைய வைத்தாலும் காட்டு மிருகத்தில் வரும் சில வகை சாகாது. வத்தல் போட்டாலும் சட்டியில் நன்றாக அவியவிட்ட பிறகுதான் வாயில் வைக்கவேண்டும், அடுப்படியில் நின்று ஒரு துண்டைப் பிய்த்து ருசி பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.