கொழும்பா, அம்பாந்தோட்டையா என்பதல்ல உங்கள் பிரச்சினை

கேள்வி: பல்லடத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறோம். இலங்கையில் பியகம என்ற ஊரிலுள்ள கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு முதல் தடவையாக 1,200 கிலோ காட்டன் துணி, 60 ரோல், கடல் வழியாக அனுப்புகிறோம். கொழும்பில் நெரிசலாம். அம்பாந்தோட்டை அல்லது திருகோணமலை போட்டால் சீக்கிரம் போகும், சல்லிசாகவும் முடியும் என்கிறார் ஏஜென்ட். எதைப் போடுவதுங்க?

பதில்: கொழும்பு. உங்கள் பையரின் ஆலை கொழும்பை ஒட்டியே இருக்கிறது. அம்பாந்தோட்டையில் இறக்கினால் தெற்குக் கோடியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் லாரி பிடித்து வர வேண்டும். அந்த வாடகை யார் தலையில் என்று ஏஜென்டைக் கேட்டீர்களா?

துறைமுகம் என்று பெயர் இருந்தால் எல்லாச் சரக்கும் அங்கே இறங்கிவிடாது. 2010-ல் திறந்து, 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டையின் முக்கிய வேலை, கார்களை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. திருகோணமலை ஆழமான இயற்கைத் துறைமுகம்தான். அங்கே வருவது மாவு ஆலைக்குக் கோதுமை, சிமென்ட் ஆலைக்குக் கிளிங்கர், எண்ணெய். காலித் துறைமுகம் சிறியது. உங்களைப் போலப் பலர் சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் போடும் எல்.சி.எல். வியாபாரம் கொழும்பைச் சுற்றித்தான் நடக்கிறது.

அடுத்தபடியாக, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் ‘லக்கேஜாக’ அனுப்பிவிடலாம் என்று யாராவது வருவார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய அது பயணிகள் கப்பல். ஷிப்பிங் பில் (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்) போடாமல் போன துணி ஏற்றுமதிக் கணக்கில் வராது. டிராபேக்கும் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்கவரி) இல்லை, ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் இல்லை. வங்கிக்கு வரும் பணத்துக்கு ஆதாரமும் இருக்காது.

கொழும்பில் நெரிசல் இருப்பது உண்டு. இருபது அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல் கையாளும் இடம், அதில் பெரும்பகுதி வேறு நாடுகளுக்குக் கப்பல் மாறிப் போகிற சரக்கு. 2025 ஏப்ரலில் மேற்கு முனையமும் இயங்கத் தொடங்கியது. எந்த முனையத்தில் இறங்கும் என்பது கப்பல்காரர் கவலை, உங்களுடையது அல்ல. ‘கன்ஜெஷன் சார்ஜ்’ என்று பில்லில் ஒரு வரி வந்தால், கப்பல் கம்பெனி வெளியிட்ட சர்க்குலரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கொடுக்காதீர்கள்.

‘சல்லிசு’ விஷயத்துக்கு வருவோம். எல்.சி.எல்.-இல் 1 கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. உங்கள் 20 கிலோ ரோல் ஒன்று 110 செ.மீ. நீளம், 30 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், அளப்பவர் அதை 1.1 × 0.3 × 0.3 என்று சதுரமாக அளப்பார்: 0.099 கன மீட்டர். 60 ரோலுக்கு ஏறக்குறைய 6. எடை 1.2 டன்தான், வாடகையோ 6-க்கு. பேலட்டில் அடுக்கிவிட்டு 7.5 என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் கட்டும் முன்பே நீங்களே அளந்து, பேக்கிங் லிஸ்ட்டில் எழுதிவிடுங்கள்.

இந்த 6-க்கு ‘ஃபிரெய்ட் ஜீரோ’, அதாவது கப்பல் வாடகையே இல்லை என்று ஏஜென்ட் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். கப்பல்காரர் சும்மா ஏற்றுவதில்லை. கொழும்பிலிருக்கும் அவருடைய கூட்டாளி டெலிவரி ஆர்டர் கட்டணம், பெட்டி பிரிக்கும் கட்டணம், ஹேண்டிலிங் என்று உங்கள் பையரிடம் வசூலித்து இவருக்குப் பங்கு அனுப்புகிறார். பையர் சும்மா இருப்பாரா? அடுத்த பில்லில் உங்களிடம் கழித்துக்கொள்வார். சரக்கு கப்பலேறும் தூத்துக்குடியின் செலவு, கொழும்புச் செலவு இரண்டையும், கன மீட்டருக்கு எவ்வளவு, ஒரு பி.எல்.லுக்கு (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்கான ரசீது; இதைக் காட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டும்) எவ்வளவு என்று பிரித்து, மெயிலில் வாங்குங்கள். அந்த மெயிலைப் பையருக்கும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். கூடவே, அதே பெட்டியில் வேறு என்ன ஏறுகிறது என்றும் கேளுங்கள். வரமிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் போன துணியின் நெடி எளிதில் போகாது.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓட்டம் கிட்டத்தட்ட ஒரு நாள். உங்கள் ஒரிஜினல் பி.எல். கூரியரில் போய்ச் சேருவதற்குள் சரக்கு போய்க் காத்துக் கிடக்கும். இலவச நாள்கள் முடிந்ததும் வாடகை ஏறும். அதனால் பி.எல்.லை இங்கேயே ‘சரண்டர்’ செய்து, கொழும்பில் ஒரிஜினல் இல்லாமலே எடுக்க விடுவது வழக்கம். முழுப் பணமும் வங்கியில் ஏறிய பிறகே சரண்டருக்குக் கடிதம் கொடுங்கள். ஏஜென்ட் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

எல்.சி. (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதிப் பத்திரம்) மூலம் பணம் வருவதானால் இது பொருந்தாது. பி.எல். வழக்கமாக வங்கியின் பெயருக்கு இருக்கும்; எல்.சி. முழு செட் ஒரிஜினல் கேட்கும். நீங்கள் சரண்டர் செய்தால் காட்ட ஆவணமே இருக்காது, பணம் போச்சு. அப்போது பையர் தன் வங்கியிடம் ஷிப்பிங் கியாரண்டி (ஒரிஜினல் பி.எல். வரும்வரை கப்பல்காரருக்கு வங்கி தரும் பொறுப்புறுதி) வாங்கிச் சரக்கை எடுக்க வேண்டும். அவர் சிணுங்குவார், வங்கி கட்டணம் கேட்கும். ஆனால் உங்களுக்கு அது நல்லது: அப்படிச் சரக்கை எடுத்தவர் பிறகு ஆவணத்தில் எழுத்துப்பிழை, தேதிப்பிழை என்று சொல்லிப் பணத்தை நிறுத்துவது கடினம். ‘எல்.சி. இருந்தாலும் சரண்டர் போட்டுத் தாங்க, பார்த்துக்கலாம்’ என்று பையரே கேட்டால், எல்.சி.-யைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். போனில் பேசியது வங்கியில் செல்லாது.

எல்.சி.எல்.-இல் உங்கள் கைக்கு வருவது கப்பல் கம்பெனியின் பி.எல். அல்ல, ஏஜென்ட் தன் பெயரில் கொடுக்கும் ஹவுஸ் பி.எல். மட்டுமே. அதைக் கொடுப்பவர் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தில் பதிந்த எம்.டி.ஓ.-வா (பல வழிப் போக்குவரத்து நடத்துநர்), அவருடைய பதிவு எண் பி.எல்.லில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏஜென்டை மாற்றுங்கள்.

இந்தியா–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச் சலுகைக்காகப் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் ஏஜென்ட் காசு கேட்கலாம். உங்கள் பையர் ஏற்றுமதிக்கே தைப்பவர் என்றால், துணியை வரியில்லாமல் இறக்க அவருக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. அவர் எழுதிக் கேட்டால் மட்டும் எடுங்கள்.

கடைசியாக உங்கள் ரீஃபண்ட். ஷிப்பிங் பில்லைத் திருப்பூர் கன்டெய்னர் டிப்போவில் (துறைமுகத்துக்கு வெளியே உள்ள உள்நாட்டுச் சுங்க நிலையம்) போட்டால், தூத்துக்குடியில் கப்பல்காரர் தாக்கல் செய்யும் கேட்வே இ.ஜி.எம். (கப்பலில் ஏறிய சரக்குகளின் பட்டியல்) அதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் திரையில் எஸ்.பி.006 என்று நிற்கும், ஐ.ஜி.எஸ்.டி. பணம் நகராது. எண்ணைத் தப்பாக அடித்தது கப்பல்காரர், மனு எழுதி அலைவது நீங்கள். எல்லாம் கம்ப்யூட்டர் மயம் என்று பெருமை பேசியும் இந்த ஒரு பிழையை அது தானாகத் திருத்திக்கொள்ளாது. 60 ரோலுக்கு இந்த வம்பு வேண்டாம். லாரியில் நேராகத் தூத்துக்குடிக்கு அனுப்பி, ஷிப்பிங் பில்லையும் அங்கேயே போடச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பி ஒரு வாரத்தில் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் இ.ஜி.எம். ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.