தற்கால ஜாஸ் கலைஞர் ஒருவரை ஆல்பம் ஆல்பமாகத் தொடர்ந்து கேட்டதுண்டா? அவர் இசைக்குள் எங்கிருந்து நுழையலாம்?

உண்டு. ருத்ரேஷ் மஹந்தப்பா, ஆல்டோ சாக்ஸபோன். ஏறக்குறைய பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெயரைப் பார்த்ததும் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்களாம். அந்த எரிச்சலில் ஒரு முழு ஆல்பமே போட்டிருக்கிறார், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 1971இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பிறந்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்பா கர்நாடகத்திலிருந்து போன இயற்பியல் பேராசிரியர். பையன் சிறுவயதில் கேட்டதெல்லாம் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர்களை: குரோவர் வாஷிங்டன் ஜூனியர், டேவிட் சான்பார்ன், அப்புறம் சார்லி பார்க்கர். நம் ராகம் தாளமெல்லாம் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

நான் அவரைத் தேடிப் போகவில்லை. நான் தேடியது சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தை. 1994இல் அவர் வாசிப்பு இடம்பெற்ற 'டூயட்' படம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதன் பிறகு எங்கள் ஊர்க் கல்யாண வரவேற்புகளில் எல்லாம் சாக்ஸபோன் கச்சேரி வைக்க ஆரம்பித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டிலும் கத்ரியின் கேசட்டுகள் இரண்டு மூன்று தேய்ந்து போகும்வரை ஓடின. பல வருஷம் கழித்து நண்பன் ஒருவன் பென் டிரைவில் எதையோ போட்டுக் கொடுத்து, "உன் கத்ரி அமெரிக்காக்காரங்களோட சேர்ந்து வாசிச்சிருக்கார் பாரு" என்றான். 'கின்ஸ்மென்' என்ற ஆல்பம், 2008இல் வந்தது.

முதல் தடவை கேட்டபோது பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கத்ரியின் கச்சேரியில் யாரோ குறுக்கே புகுந்து கெடுக்கிறார் என்றே நினைத்தேன். இரண்டும் ஆல்டோ சாக்ஸபோன் என்பதால் யார் எங்கே வாசிக்கிறார் என்றே புரியவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு ராத்திரி ரயிலில் தூக்கம் வராமல் ஹெட்போனில் போட்டபோதுதான் பிடி கிடைத்தது. கத்ரியின் அப்பா நாதஸ்வர வித்வான். மகன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி அதற்கு மாறியவர். ஆனால் மூச்சு நாதஸ்வரத்து மூச்சுதான். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நடந்து போகமாட்டார், வழுக்கிக்கொண்டு போவார். சாக்ஸபோனில் விசைகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு என்று கட்டப்பட்டவை. அதில் உதட்டையும் தாடையையும் இறுக்கித் தளர்த்தி கமகத்தை, அதாவது ஸ்வரங்களின் அந்த அசைவையும் வழுக்கலையும், வரவழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ருத்ரேஷ் நேர் எதிர். ஒவ்வொரு ஸ்வரத்தையும் உளி வைத்துத் தட்டுகிற மாதிரி தனித்தனியாக எடுப்பார். ஒலியில் ஈரம் குறைவு, விளிம்பு கூர்மை, வேகம் வந்தால் மூச்சே விடாத மாதிரி வாசிப்பு. இந்த வித்தியாசம் காதில் ஏறிவிட்டால் 'கணேஷா', 'ஸ்னேக்' போன்ற பகுதிகளில் இரண்டு பேரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும்போதுகூட யார் யாரென்று தெரியும். அதற்கும் அப்புறம் ஒரு கட்டம் வரும். ருத்ரேஷ் வழுக்க ஆரம்பிப்பார், கத்ரி தட்ட ஆரம்பிப்பார். அந்த இடத்தில் ரயிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சேர்க்கையின் பின்னணி அழகானது. ருத்ரேஷ் பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்தபோது அவருடைய அண்ணன் விளையாட்டாக ஒரு ஆல்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெயர் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்', வாசித்தது கத்ரி. கேலிக்காகக் கொடுத்தது தம்பியை உலுக்கிவிட்டது. பல வருஷம் கழித்து, 2005இல், நியூயார்க்கின் ஏசியா சொசைட்டி என்ற அமைப்பின் ஆதரவில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள். குழுவுக்கு தக்ஷிணா என்று பெயர். ஏ. கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம், ரெஸ் அப்பாசி கிதார், கார்லோ டி ரோசா பாஸ், ராயல் ஹார்டிகன் டிரம்ஸ். கன்யாகுமரி கத்ரியோடு எத்தனையோ மேடைகளில் வாசித்தவர். கத்ரி ஒரு பிடியை முடிக்கும் முன்பே அதன் வால் வயலினில் வந்துவிடும். அதைப் பார்த்து அமெரிக்கக் கோஷ்டி கொஞ்சம் திகைத்திருக்கும் என்பது என் கற்பனை.

இருவேறு இசைகளைக் கலப்பதற்குச் சொல்லும் ஃப்யூஷன் என்ற வார்த்தையே எனக்கு அலர்ஜி. ஒருவர் தனி ஆவர்த்தனம் வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடைசியில் எல்லோரும் ஒரு தீர்மானம் வைத்துக் கைத்தட்டு வாங்குவார்கள். இந்த ஆல்பம் அப்படி இல்லை. ஜாஸின் கார்டு மாற்றங்களில், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கூட்டுகள் மாறிக்கொண்டே போவதில், கத்ரிக்கு வேலை கிடையாது என்று ருத்ரேஷ் தெரிந்து, அவர் கால் ஊன்ற ஆதார சுருதியும் தாளமும் இருக்கிற மாதிரி எழுதி, அதே சமயம் பாஸுக்கும் டிரம்ஸுக்கும் சும்மா நிற்காத அளவு வேலையும் கொடுத்திருக்கிறார். எழுத உட்கார்ந்தவர் இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரிந்தவர்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? வருஷ வரிசையில் போகவேண்டாம். கூட வாசித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். நான் போனது அப்படித்தான்.

'கின்ஸ்மென்' கிதாரில் மனசு நின்றதால் ரெஸ் அப்பாசியைத் தொடர்ந்தேன். கராச்சியில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். அவரும் ருத்ரேஷும் தபலா வாசிக்கும் டான் வைஸும் சேர்ந்த மூவர் குழுவுக்கு 'இந்தோ-பாக் கோயலிஷன்' என்று பெயர். 'அப்தி' அதே 2008இல் வந்தது. பாஸ் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, நிறைய காற்றோட்டம். அடுத்தது 'அக்ரிமா', ஒன்பது வருஷம் கழித்து 2017இல், எந்த நிறுவனமும் இல்லாமல் ருத்ரேஷே வெளியிட்டது. இதில் வைஸ் தபலாவோடு டிரம்ஸும் வாசிக்கிறார், கிதார் ராக் பக்கம் சாய்கிறது. எனக்கு இன்றும் 'அப்தி'யின் எளிமைதான் பிடிக்கிறது. என் மச்சான் கட்சி மாறி 'அக்ரிமா' பக்கம்.

அடுத்த இழை பியானோ கலைஞர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோர், அவரும் 1971இல் பிறந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் இருவரையும் அறிமுகப்படுத்தினார். பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக இவர் ஆல்பத்தில் அவர், அவர் ஆல்பத்தில் இவர். ஐயரின் 'பிளட் சூத்ரா', 'ரீஇமேஜினிங்', 'டிராஜிகாமிக்' எல்லாவற்றிலும் அந்தச் சாக்ஸபோன் ருத்ரேஷ்தான். இரண்டு பேர் மட்டும் வாசிக்கும் 'ரா மெட்டீரியல்ஸ்' 2006இல் வந்தது. அதே வருஷம் வந்த 'கோடுபுக்' சங்கேதக் குறியீட்டு முறைகளை வைத்து எழுதியது. அந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை. புரியாமலே கேட்கலாம், குறை ஒன்றும் இல்லை.

இந்த இழையில்தான் நான் முதலில் சொன்ன எரிச்சல் ஆல்பம் வருகிறது: 'மதர் டங்', 2004. "நீங்கள் இந்து பேசுவீர்களா?", "இந்தியன் பேசுவீர்களா?" என்கிற ரகக் கேள்விகளை அமெரிக்காவில் வாழும் நம் இந்தியர்களிடமே கேட்டு, அவரவர் தாய்மொழியில் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஸ்வரமாக எழுதி, அதையே மெட்டாக்கிவிட்டார். தலைப்புகளில் பல மொழிப் பெயர்கள்: 'கன்னடா', 'குஜராத்தி', 'தெலுங்கு', 'கொங்கணி', 'மலையாளம்'. எட்டாவது 'தமிழ்'.

அந்த எட்டாவதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. உள்ளே ஒரு தமிழ் வாக்கியம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தபின் விடமுடியுமா? "அப்படி ஒரு மொழியே கிடையாதுங்க" என்று பாடிப் பார்த்தேன், பொருந்தவில்லை. "இல்லை, எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்றும் பார்த்தேன், பாதி தூரம் வந்து இடறியது. மனைவி சமையலறையிலிருந்து, "என்ன, யாரோடு சண்டை போடுறீங்க?" என்று கேட்டாள். அதுவேகூட மெட்டுக்கு ஓரளவு பொருந்தியது.

இப்படி ஆள் ஆளாகப் பிடித்துக்கொண்டு போனதில் ஒன்றைக் கவனித்தேன். பொதுவாகத் தலைமை வாத்தியக்காரர்கள் தன் வாத்தியத்தையே வாசிக்கும் இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தத் தயங்குவார்கள். ஒப்பீடு வந்துவிடும் அல்லவா? இவர் திரும்பத் திரும்பத் தேடிப்போய் நிறுத்துகிறார். கத்ரி ஒருவர். ஸ்டீவ் லேமனோடு 'டூயல் ஐடென்டிட்டி', அதுவும் இரட்டை ஆல்டோ. 2010இல் வந்த 'அபெக்ஸ்' ஆல்பத்தில் பங்கி கிரீன். இந்தப் பெரியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிகாகோவில் பேர் வாங்கியவர், பிறகு பெரும்பாலும் கல்லூரிகளில் பாடம் சொல்லிக் கொடுத்ததால் வெளியில் மறக்கப்பட்டவர். பெர்க்லீயில் ருத்ரேஷின் ஆசிரியர் ஜோ வயோலா, இவருடைய பழைய ஆல்பம் ஒன்றைக் கொடுத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறார். 'அபெக்ஸ்' வாசிக்கும்போது கிரீனுக்கு எழுபது தாண்டிவிட்டது. கேட்டால் யார் கிழவர், யார் இளைஞர் என்று சொல்லமுடியாது. பியானோவில் ஜேசன் மொரான், சில பகுதிகளில் டிரம்ஸில் ஜாக் டிஜானெட். என்னை ஒரே ஒரு ஆல்பம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கத்ரியை ஒதுக்கிவிட்டு இதை எடுத்தாலும் எடுப்பேன்.

அந்த வரிசையில் நாலாவது ஆல்டோ 1955இலேயே இறந்து போனவர்: சார்லி பார்க்கர். 2015இன் 'பேர்ட் கால்ஸ்' முழுக்க பார்க்கரோடு ஒரு பேச்சு. அவர் மெட்டுகளை அப்படியே வாசிப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டி, தாளத்தை மாற்றி, புதுசாகக் கட்டியிருக்கிறார். தலைப்புகளில் குறும்பு. பார்க்கரின் 'நவ்ஸ் தி டைம்', அதாவது இதுதான் நேரம், இங்கே 'மேபி லேட்டர்', அப்புறம் பார்க்கலாம் என்று ஆகிறது. கைத்திறமை என்று பொருள்படும் 'டெக்ஸ்டெரிட்டி' இங்கே 'போத் ஹேண்ட்ஸ்', இரண்டு கையும். எல்லாவற்றையும்விட என்னைச் சிரிக்க வைத்தது 'கோபுரம்'. மூலம் பார்க்கரின் 'ஸ்டீப்பிள்சேஸ்'. ஸ்டீப்பிள் என்றால் தேவாலயத்தின் கூர்ங்கோபுரம். அதைப் பெயர்த்து நம் கோயில் வாசலில் நட்டுவிட்டார். ட்ரம்பெட் வாசிக்கும் ஆடம் ஓஃபாரிலுக்கு அப்போது இருபது வயதுதான். இந்தப் பையன் பெயரையும் குறித்து வையுங்கள்.

எல்லாமே பிடிக்கும் என்று சொன்னால் பொய். 'கமக்', 2013, கிதாரில் டேவிட் ஃபியூசின்ஸ்கி. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அபாரம், சேர்ந்தாற்போல் கேட்டால் தலைவலி. 'சம்தி'யில் கணினி ஒலிகள் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அதில் மிருதங்கம் வாசிக்கும் அனந்தா கிருஷ்ணன் பாலக்காடு ரகுவின் பேரன், அவருக்காக மட்டும் அவ்வப்போது திரும்பப் போவேன்.

ஒரு நடைமுறை விஷயம். ஸ்ட்ரீமிங் செயலிகளில் பெரும்பாலும் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். பாஸ் யார், டிரம்ஸ் யார் என்று தெரியாமல் நான் சொன்ன வழியில் போகமுடியாது. அதனால்தான் காசு சேர்த்து சிடி வாங்குகிறேன். 'அபெக்ஸ்' வந்தபோது பெட்டி நொறுங்கி, உள்ளே தாள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டு மட்டும் பிழைத்தது. பெயர்களைப் பிரித்துப் படிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

2019 அக்டோபரில் கத்ரி காலமான செய்தி வந்த அன்று 'கின்ஸ்மென்' போடவில்லை, பழைய கேசட்டில் இருந்த கீர்த்தனைகளைத்தான் யூடியூபில் தேடிக் கேட்டேன். அடுத்த வருஷம் ஊரடங்கு நாளில் 'ஹீரோ ட்ரியோ' வந்தது. சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ், வேறு ஒன்றும் இல்லை. தான் வளர்ந்த இசையை எல்லாம் திரும்ப வாசித்திருக்கிறார்: பார்க்கர், ஆர்நெட் கோல்மன், ஸ்டீவி வொண்டர், ஜானி கேஷ்கூட. பக்கத்தில் இன்னொரு ஆல்டோ இல்லை. அது இல்லாதது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்றைக்கே ஆரம்பிப்பதென்றால் மூன்று சொல்கிறேன். முதலில் 'கின்ஸ்மென்'னில் 'கணேஷா', ஹெட்போனில். பிறகு 'கோபுரம்', முடிந்தால் பார்க்கரின் 'ஸ்டீப்பிள்சேஸ்' கேட்டுவிட்டு. பிறகு 'தமிழ்'. அதில் என்ன வாக்கியம் ஒளிந்திருக்கிறது என்று யாருக்காவது பிடிபட்டால் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.