வானலை மோசமாக இருக்கும்போது உலகப் போட்டியில் உட்காருவது வீண்தானா?

கேள்வி: சூரியப் புயலால் பேண்டெல்லாம் (அலைவரிசைத் தொகுதிகள்) செத்துக் கிடக்கிறது. வெறும் 100 வாட்டும் கம்பி ஆண்டெனாவும் வைத்துக்கொண்டு அமெச்சூர் வானொலிக்காரர்கள் உலகம் முழுக்கத் தொடர்புகொள்ளும் சிக்யூ உலகப் போட்டியில் கலந்துகொள்வது நேர விரயம் இல்லையா?

இல்லவே இல்லை. நான் மிகவும் பெருமைப்படும் போட்டி அப்படிப்பட்ட ஒரு வார இறுதியில்தான் நடந்தது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

நீங்கள் 10, 15 மீட்டர் பேண்டுகளை (உயர்ந்த அலைவரிசைகள்) மட்டும் சுற்றிப் பார்த்து, இரைச்சல் மட்டும் கேட்டதும் ரேடியோவை அணைத்திருப்பீர்கள். முதலில் எதனால் மோசம் என்று பாருங்கள். சூரியப் பிழம்பு (சூரியனில் திடீரென வெடிக்கும் கதிர்வீச்சு) என்றால் பகல் பக்கம் மட்டும்தான் அடிபடும். தாழ்ந்த அலைவரிசைகள் அதிகம் தவிக்கும், உயர்ந்தவை முதலில் மீளும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும். பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும் காந்தப் புயல் வேறு. அது ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும்.

எனக்கு வாய்த்தது காந்தப் புயல். நவம்பர் மாத மோர்ஸ் போட்டி, காந்தப் புயலின் கடுமையைக் காட்டும் கே குறியீடு 6. துருவத்தைக் கடந்து வரும் சிக்னல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல நடுங்கின, அப்புறம் அவையும் நின்றுபோயின. ஆனால் புயல் எல்லாப் பாதையையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. நிலநடுக்கோட்டைக் குறுக்காகக் கடக்கும் வடக்கு–தெற்குப் பாதைகள் பல நேரம் தாக்குப்பிடிக்கும். பகலில் 20 மீட்டரில் அந்தத் திசையிலேயே தேடினேன். இரவில் 40 மீட்டரை விட்டு நகரவில்லை. சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களில் மட்டும் 80க்கு இறங்கினேன். ஒரு தீவு நிலையம் இரைச்சலுக்குள் தலைகாட்டி மறைந்துகொண்டே இருந்தது. அது மேலே வரும் ஒவ்வொரு முறையும் என் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியை ஒரே தடவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். கடைசியில் பதில் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

இந்தப் போட்டியின் கணக்கும் இப்படிப் பொறுமையாகத் தேடுவதற்கு இடம் கொடுக்கிறது. தொடர்புகளுக்கான புள்ளிகளை, தொடர்புகொண்ட நாடுகள், மண்டலங்களின் எண்ணிக்கைக் கூட்டுத்தொகையால் பெருக்குவார்கள். உலகைப் பிரித்துவைத்திருக்கும் அந்த மண்டலங்கள் மொத்தம் 40. ஒரே நாடு 20 மீட்டரில் ஒரு பெருக்கி, 40 மீட்டரில் இன்னொரு பெருக்கி. தொடர்பு எண்ணிக்கை குறைந்த நாளில் புதிய நாடு ஒவ்வொன்றும் தங்கம்.

கோபுர ஆண்டெனாக்காரர்களை ஜெயிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ‘கணிப்பு மென்பொருள் பார்த்தாலே தெரியுமே’ என்று சிலர் வருவார்கள். அவை பெரும்பாலும் மாதச் சராசரிப் போக்கைச் சொல்பவை, இன்று மாலை அடிக்கும் புயலை அவை அறியாது. புயல் எல்லோருக்கும் பொது என்பதையும் மறக்க வேண்டாம்.

சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிமிடக் கணக்கில் அழைப்புக்குறியே சொல்லாமல் தொடர்புகளை வாரிக்கொண்டு போகும் பெரிய நிலையங்கள் மீது எனக்குத் தீராத கோபம். நல்ல நாளில் காத்திருக்கலாம். சிக்னல் அரை நிமிடம் மட்டுமே கேட்கும் நாளில், யாரென்று தெரியாமலே அது மங்கிப் போகிறது. எத்தனை பெருக்கிகளை அப்படி இழந்தேன்! இரண்டு தொடர்புக்கு ஒரு முறை அழைப்புக்குறியைச் சொன்னால் அவர்களுக்கு ஒரு நொடிதான் செலவு.

சரி, உட்காருங்கள். போட்டி நடக்கும் 48 மணி நேரமும் இருக்க வேண்டியதில்லை. முடிந்ததும் லாக் (தொடர்புப் பதிவேடு) சிறியதாக இருக்கிறதே என்று தயங்காமல் 5 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், உங்களோடு பேசியவர்களின் பதிவைச் சரிபார்க்கவும் அது உதவும்.