பாலைக் காய்ச்சினால் போதுமா?

கேள்வி: வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் நிற்கின்றன. தீவனக்கடை அண்ணாச்சி ஒரு பொடி தந்தார், தினம் ஒரு கரண்டி பிண்ணாக்கில் கலந்து வைத்தால் பால் கூடும், கழிச்சலும் வராதாம். பாக்கெட்டின் பின்னால் சின்ன எழுத்தில் ஆக்சிடெட்ராசைக்ளின் என்று போட்டிருக்கிறது. நர்சிங் படிக்கிற மகள், இது ஆன்டிபயாடிக், வேண்டாம் என்கிறாள். பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம், அப்புறம் என்ன?
– வாசகி, திருவட்டாறு

பதில்: மகள் சொல்வதுதான் சரி. பொடியை நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சினால் பாலில் உள்ள கிருமி சாகும், ஆனால் மருந்தின் மிச்சம் முழுவதும் போய்விடாது. அதைவிடப் பெரிய சிக்கல் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. நோய்க்கு டாக்டர் ஊசி போடும்போது முழு அளவில் சில நாள் போட்டு நிறுத்திவிடுவார். நீங்கள் மாதக்கணக்கில் கரண்டி கரண்டியாகக் கொடுக்கும்போது குடலில் அந்த மருந்துக்குச் சாகிற பாக்டீரியா குறைந்துகொண்டே போய், தாக்குப்பிடிப்பவைதான் பெருகும். அவை அந்தத் திறனுக்கான மரபணுவைப் பக்கத்தில் இருக்கிற வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். அப்புறம் எல்லாம் சாணத்தில் வெளியே வரும். தொழுவம் கூட்டுகிற கையும் பால் கறக்கிற கையும் உங்களுடையதுதானே? அந்தச் சாணம்தான் வாழை மூட்டுக்கும் போகிறது, ஒரு பெருமழை பெய்தால் பரளியாற்றுக்கோ கோதையாற்றுக்கோ போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர் கோழிகளுக்கு உங்கள் பொடியில் உள்ள மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்து 1976இல் முடிவை வெளியிட்டார். கோழிகளின் குடலில் சில நாளிலேயே மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நிறைந்துவிட்டது, சில மாதங்களில் அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அவை கூடின. மாட்டிலும் இதே கதைதான். அங்கே இறைச்சி மாடுகளுக்கு ஈரலில் கட்டி வராமலிருக்க டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள். அதைத் தின்ற மாடுகளின் சாணத்தில், மனிதருக்குக் கொடுக்கிற எரித்ரோமைசினுக்கும் அடங்காத பாக்டீரியா கூடுதலாக இருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுதாகத் தடை செய்தது. நம் நாட்டில் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க 2019இல் தடை வந்தது.

இன்னொன்று, வைக்கோலைச் செரிக்க வைப்பதே மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள்தான், அவற்றையே கெடுக்கிற பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பால் கூட வேண்டுமென்றால் தென்னைக்கு இடையில் கினியாப்புல் நடுங்கள். கழிச்சல் வந்தால் மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள்.

கன்றுக்குட்டி இருந்தால் இதையும் கவனியுங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட நாட்களின் பாலை விற்கக் கூடாது என்று நமக்குத் தெரியும், ஆனால் வீணாக்க மனம் வராமல் கன்றுக்கு ஊற்றிவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் வெகுநாள் அப்படித்தான் நடந்தது. அந்தக் குட்டியின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளர அதுவே போதும். குழி தோண்டி அதில் ஊற்றிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் தாது உப்புக் கலவையும் வேண்டாமா?
– அதே வாசகி

பதில்: அது வேண்டும், கறவை மாட்டுக்கு அவசியம். டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கின்றன. தாமிரத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் சில பாக்டீரியாக்களில் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கும், தாமிரம் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்தே பெருகும்.