தென்னந்தோப்பைத் தாண்டி ஒரு நெட்வொர்க்

கேள்வி: எங்கள் அரிசி ஆலையிலிருந்து குடோன் 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. நடுவில் தென்னந்தோப்பு. ஆலையின் பில்லிங் கம்ப்யூட்டரையும் குடோனில் உள்ள கம்ப்யூட்டர், கேமராக்களையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க வேண்டும். பெரிய வைஃபை ரௌட்டர் போட்டால் எட்டுமா?

பதில்: எட்டாது. ரௌட்டர் நாலா பக்கமும் சிதறவிடும் அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் டிஷ் ஆண்டெனா ஜோடி வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் 'பாயின்ட் டு பாயின்ட்' கருவிகளுக்கு 2 கி.மீ. ஒரு தூரமே இல்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இதைவிடப் பல மடங்கு தள்ளியிருந்த கிராமக் கண் மையங்களையே வைஃபையால் இணைத்துக் காணொளியில் நோயாளிகளைப் பார்த்தது.

உங்கள் சிக்கல் தென்னைதான். எதையும் வாங்கும் முன் ஆலை மாடியில் ஏறிப் பாருங்கள். குடோன் கூரை கண்ணில் பட்டாலும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போகாது, நடுவழியில் வெள்ளரிக்காய் போல உப்பும். 2 கி.மீ. இணைப்பின் நடுவில் அந்த உப்பலின் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் 3 மீட்டராவது மறைப்பின்றி இருக்க வேண்டும். தென்னை வளரும் என்பதால், மிக உயரமான மரத்தின் உச்சிக்கு மேல் 5 மீட்டர் விட்டே கணக்குப் போடுங்கள். கோடையில் ஓலைகளுக்கு நடுவே ஒழுங்காக ஓடிய இணைப்பு ஐப்பசி மழையில் படுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஈர ஓலை அலையை உறிஞ்சிவிடும். வெயில் நாள் சோதனையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அவ்வளவு உயரக் கம்பம் கட்டுப்படியாகாதா? சரி, இரண்டு இடமும் தெரிகிற வேறொரு மாடியில், அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே வைக்கலாம். இரு பக்கமும் ஃபைபர் பிராட்பேண்ட் கிடைத்தால், இணையம் வழியாகவே இரு இடத்தையும் ஒரே நெட்வொர்க்காக்கும் விபிஎன் போதும், கம்பமே வேண்டாம். 60 கிகாஹெர்ட்ஸ் கருவி வேகமானது, ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் தின்றுவிடும், அதாவது நூறில் மூன்று பங்கு சக்திதான் மிஞ்சும். மழை வேறு. சில நூறு மீட்டருக்குத்தான் அது சரி.

கேமரா பதிவுப் பெட்டியைக் குடோனிலேயே வையுங்கள். பார்க்கும்போது மட்டும் படம் இணைப்பில் வரட்டும், பில்லிங் தடைபடாது.

கம்பத்துக்கு எர்த், கேபிளின் இரு முனையிலும் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர், இவற்றில் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஓர் இடி, ஆலை கம்ப்யூட்டர் வரை போய்விடும். அப்புறம், உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். 2018இல் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை உரிமமின்றித் திறந்துவிட்டது. சக்திக்கு வரம்பு உண்டு, அதனால் கருவியின் செட்டிங்கில் நாடு 'இந்தியா' என்றே இருக்கட்டும்.