பினாங்கிலிருந்து வந்த வீடியோ கேம்: விற்பதா, விளையாடுவதா?

பள்ளி விடுமுறையும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் ஒன்றாக வந்தால் நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்கின்றன. வீடு திறந்தால் பெட்டிகளும் திறக்கின்றன. இந்த வாரக் கடிதங்களில் நான்கு, பழைய வீடியோ கேம் பற்றியவை.

கேள்வி: எங்கள் அப்பச்சி 1983-இல் பினாங்கிலிருந்து வந்தபோது ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தார்கள். அப்போது எங்கள் தெருவில் டிவியே இரண்டு வீட்டில்தான். கொஞ்ச நாள் ஓடியது, பிறகு எடுத்து வைத்ததுதான். இப்போது வீட்டைச் சுத்தம் செய்தபோது இரண்டாங்கட்டு அறையில் தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. அட்டாரி என்று எழுதியிருக்கிறது. முன்பக்கம் மரப்பலகை போல இருக்கிறது, நான்கு சுவிட்சுகள். ஆறு கேசட், விளையாடும்போது பிடிக்கிற இரண்டு குச்சி, கையால் திருகுகிற மாதிரி ஒரு ஜோடி. பழுது பார்ப்பவர் 2,500 ரூபாய் கேட்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் அப்படியே 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். சென்னையிலிருந்து வந்திருக்கும் பேரனோ, "இதில் என்ன ஆயா இருக்கிறது, கட்டம் கட்டமாக நகரும், அவ்வளவுதான்" என்கிறான். என்ன செய்யலாம்? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: ஆச்சி, எதற்கும் முன்னால் ஒன்று. பெட்டியோடு இருக்கும் பழைய அடாப்டரைச் சுவரில் செருகிப் பார்த்துவிடாதீர்கள். நாற்பது வருடம் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்த அடாப்டர் எத்தனை வோல்ட் கொடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. 9 வோல்ட் டி.சி., 500 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்ட புது அடாப்டர் வாங்குங்கள். செருகும் முனை பழைய இயர்போனுடையது போல 3.5 மி.மீ. இருக்க வேண்டும், அதன் நுனி பாசிட்டிவ். முனையை முதலில் கேம் பெட்டியில் செருகிவிட்டு, அப்புறம்தான் சுவர் சுவிட்சைப் போட வேண்டும். மின்சாரம் ஓடும்போது செருகினால் அந்த வகை முனை ஒரு கணம் ஷார்ட் ஆகும்.

பினாங்கில் வாங்கியது உங்கள் அதிர்ஷ்டம். மலேசியாவிலும் இங்கும் தொலைக்காட்சி முறை ஒன்றே, பால் என்பார்கள் (கறக்கிற பால் இல்லை). அமெரிக்காவில் வாங்கியிருந்தால் முறை வேறு, மின்சாரமும் 120 வோல்ட். அந்த அடாப்டர் நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். எதற்கும் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் ஆன்டெனா வயர் வழியாகத்தான் டிவிக்குப் போகும். புது டிவி சிலவற்றில் அந்தச் சிக்னலைப் பிடிக்கவே முடியாது. எங்காவது துணி போர்த்தி வைத்திருக்கும் பிக்சர் டியூப் டிவி இருந்தால் அதுவே நல்லது. காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தால் நிறுத்தி வையுங்கள்.

இனி பேரன் சொன்னதற்கு வருகிறேன். கட்டம் கட்டமாக நகரும் என்பது உண்மை. அந்த இயந்திரம் 1977-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பின்னால்தான் அதற்கு 2600 என்று பெயர் வந்தது. அதன் நினைவகம் மொத்தம் 128 பைட். இன்றைய கணினியில் "காரைக்குடி" என்று ஒரு தடவை தட்டினால் 30 பைட் போய்விடும். நான்கு காரைக்குடி எழுதலாம், ஐந்தாவதற்கு இடமில்லை. விளையாடுகிறவர் எங்கே நிற்கிறார், எதிரி எங்கே, குண்டு எங்கே பறக்கிறது, மதிப்பெண் எவ்வளவு என்பதெல்லாம் அந்த நான்கு காரைக்குடிக்குள் அடங்க வேண்டும். அதற்குள் அழகான படம் காட்ட முடியாது. விதி ஒன்று வகுக்கலாம். நம் பக்கத்துக் கோயில் கல்தரைகளில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆடும் இல்லை, புலியும் இல்லை. கோடுதான் இருக்கிறது. விளையாட்டு நன்றாகத்தானே இருக்கிறது?

ஆகவே நான் பார்த்தவரையில், இந்தப் பழைய கேம்களில் விதியை நம்பியவை இன்றும் தாங்குகின்றன. படத்தைக் காட்டி மயக்க நினைத்தவை செத்துப்போயின. உங்கள் ஆறு கேசட்டில் என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் அதிகம் விற்றவற்றை வைத்துச் சொல்கிறேன், பெயரைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

"காம்பட்" இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்த கேசட் அது. இரண்டு டாங்கிகள், நடுவில் சில சுவர்கள், அவ்வளவுதான் திரையில். தனியாக உட்கார்ந்தால் எதிர் டாங்கி சும்மா நிற்கும். அதை ஓட்டுவதற்கு இயந்திரத்துக்குத் தெரியாது. கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும். டாங்கி மெதுவாகத்தான் திரும்பும், அதுதான் வேடிக்கையே. நீங்கள் திரும்பி முடிப்பதற்குள் அவன் சுட்டுவிடுவான் என்று தெரியும், ஆனாலும் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். கேசட்டிலேயே 27 வகை ஆட்டங்கள் உண்டு. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து வருகிற வகையைப் போடுங்கள். எதிர்பாராத பக்கத்திலிருந்து குண்டு தெறித்து வந்து விழும்போது பேரனின் முகத்தைப் பாருங்கள்.

திருகுகிற ஜோடி இருக்கிறது என்கிறீர்களே, "கபூம்" என்ற 1981-ஆம் வருடக் கேசட் கிடைத்தால் அதற்காகவே ஆனது போலிருக்கும். மேலே ஒரு திருடன் அங்கும் இங்கும் ஓடிக் குண்டு போடுவான், கீழே நீங்கள் வாளியை நகர்த்திப் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். இரண்டு நிமிடத்தில் உள்ளங்கை வேர்த்துவிடும். திருகும்போது வாளி நடுங்கினால் உள்ளே தூசி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கொஞ்சம் அடித்துப் பலமுறை திருகினால் பெரும்பாலும் சரியாகும். "ரிவர் ரெய்டு" என்பது 1982-இல் கேரல் ஷா என்ற பெண் எழுதியது. ஆற்றின் மேல் விமானம் ஓட்ட வேண்டும், பெட்ரோல் தீர்ந்துகொண்டே வரும். ஒரே ஆளாக ஆடினாலும் அலுக்காத மிகச் சில கேசட்டுகளில் அது ஒன்று.

"பேக்-மேன்" கேசட்டை எதிர்பார்ப்போடு போடாதீர்கள். கடைகளில் காசு போட்டு ஆடிய பெரிய இயந்திரத்தில் அருமையான ஆட்டம். இந்தப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது பேய்களை ஒரே நேரத்தில் வரைய வழியில்லாமல் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கண் வலிக்கும் அளவுக்கு மினுங்கும். "ஈ.டி." கேசட் இருந்தால் அதை விளையாடுவதைவிட அதன் கதையைச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடித்தார்கள். குழியில் விழுவதும் ஏறுவதும்தான் பெரும்பகுதி. விற்காத சரக்கோடு சேர்த்து 1983-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தார்கள், 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். பேரனிடம் முதலில் இதைக் கொடுத்தால் அவன் சொன்னதே சரியென்று ஆகிவிடும்.

பணத்துக்கு வருவோம். 2,500 ரூபாயை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். புது அடாப்டர் போட்டு, கேசட்டின் தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிக்சர் டியூப் டிவியில் சேனல் தேடிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் சில நூறு ரூபாயோடு முடிந்தது. வராவிட்டால் மட்டும் அவரிடம் போங்கள். என்ன பாகம் மாற்றுகிறார் என்று எழுதி வாங்குங்கள். "ஏ.வி. வயர் வைத்துத் தருகிறேன்" என்று பெட்டியில் ஓட்டை போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிறகு அதை மூட முடியாது. விற்பதானாலும் ஓடுகிற நிலையில் காட்டி விற்கிறவர்தான் விலை சொல்ல முடியும். ஓடாததென்றால் வாங்குகிறவர் சொல்வதே விலை. அப்பச்சி கொண்டுவந்ததை விற்கலாமா என்பது நான் பதில் சொல்லும் கேள்வி இல்லை. ஒரு மாலை மட்டும் பேரனுக்கு எதிரில் நீங்களே குச்சியைப் பிடித்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: "10,000 கேம், 4கே" என்று ஒரு கேம் ஸ்டிக் இணையக் கடையில் 1,999 ரூபாய்க்கு வருகிறது. டிவியில் செருகினால் போதுமாம். ஒன்பது வயது மகளுக்கு வாங்கலாமா? நான் சின்ன வயதில் ஆடிய மாரியோ, கான்ட்ரா எல்லாம் இருக்கிறதாம். (தேவகோட்டை வாசகர்)

பதில்: தம்பி, வாங்க நினைப்பது மகளுக்கா, உங்களுக்கா? கேலி செய்யவில்லை. நானும் தேவகோட்டையில்தான் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து ஆடியவன். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் கான்ட்ராவில் 30 உயிர் கிடைக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தவற்றைவிட நன்றாக நினைவிருக்கிறது.

உறவினர் வீட்டில் இப்படி ஒரு ஸ்டிக்கை வைத்து ஒரு மதியம் எண்ணிப் பார்த்தேன். முதல் இருநூறு பெயர்களுக்குள் ஒரே கார் ஆட்டம் ஆறு பெயர்களில் வந்தது. அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்தாயிரம் என்பது பட்டியலின் நீளம், விளையாட்டின் எண்ணிக்கை அல்ல. 4கே என்பதும் அப்படித்தான். நீங்கள் ஆடிய கேம்கள் ஜப்பானில் 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் இயந்திரத்துக்கானவை, நாம் ஆடியது அதன் நகல்கள். அதன் படம் 256-க்கு 240 புள்ளிகள். எத்தனை கே-யில் காட்டினாலும் புள்ளி புள்ளிதான், கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இந்தச் சரக்கில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருப்பதில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது.

வாங்கியே தீருவதென்றால் விற்பனைப் பக்கத்தில் இறக்குமதியாளர் பெயரும் எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வீடியோ கேம் கருவிகளுக்கும் அடாப்டருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு உண்டு. பொருளின் மேல் "ஆர்" எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும், அந்த அமைப்பின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும். வந்த பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுதாக இருந்து விற்றவர் கைவிரித்தால் 1915-க்கு அழையுங்கள். அதிலும் ஆகாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

மகளுக்கு என்றால் நான் வாங்க மாட்டேன். வீட்டில் கணினி இருந்தால் "அட்டாரி 50" என்ற தொகுப்பு 2022 முதல் உரிமையோடு விற்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டங்கள், அவை உருவான கதையோடு. அதைத் தள்ளுபடி வரும்போது வாங்கி, இரண்டு கன்ட்ரோலர் இணைத்து, நீங்களும் அவளும் உட்காருங்கள். பழைய ஆட்டங்களில் உயிர் சீக்கிரம் போய்விடும். இன்றைய குழந்தைக்கு முதலில் இது அநியாயமாகத்தான் தோன்றும். பக்கத்தில் அப்பாவும் அதே குழியில் விழுந்தால் தோன்றாது.

கேள்வி: பழைய மாரியோ கேசட் ஒன்று வெளிநாட்டில் பல கோடிக்கு விற்றதாகப் படித்தேன். என்னிடம் "9999 இன் 1" என்று எழுதிய மஞ்சள் கேசட் இருக்கிறது, உறை பிரிக்காதது. என்ன விலை போகும்? (புதுவயல் வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலத்தில் உறை பிரிக்காத "சூப்பர் மாரியோ 64" கேசட் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அது அசல் நிறுவனத்தின் வெளியீடு, நிலையை மதிப்பிட்டுச் சான்று வாங்கியது. உங்களுடையது நகல். பொம்மைக் கடைகளில் குவியலாக விற்றது. உறையைப் பிரித்துவிடுங்கள். துப்பாக்கியோடு வாத்து சுடும் ஆட்டம் அதில் இருந்து, துப்பாக்கியும் பத்திரமாக இருந்தால் பிக்சர் டியூப் டிவியில்தான் வேலை செய்யும். புது டிவியில் எத்தனை தடவை சுட்டாலும் வாத்து விழாது, குறை உங்கள் குறியில் இல்லை.

கேள்வி: கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிப் போடுவோமே, அது சரியா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: இல்லை. ஓடியது ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி செருகியதால். எச்சில் ஈரம் தகடுகளை அரிக்கும். கழற்றுங்கள், துடையுங்கள், செருகுங்கள். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் அடுப்பங்கரையில் ஊதுகுழல் இருக்கிறது.