பெட்ரோலைக் கீழே ஊற்றிய பையன்

கேள்வி: பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி வால்' ஆல்பம் எனக்கு உயிர். அதன் படத்தை ஆசையாகப் பார்த்து ஏமாந்துபோனேன். கதை இல்லை, வசனமும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைக் கொளுத்துகிறார்கள், மொட்டைத் தலையர்கள் ஊரை உடைக்கிறார்கள். அருமையான ஆல்பத்தை இப்படி வன்முறைப் படமாக்கியது நியாயமா?

பதில்: பள்ளிக்கூடம் எரிவதைப் பார்த்திருக்கிறீர்கள். அது எரிந்து முடிந்ததும் என்ன வருகிறது என்று கவனித்தீர்களா?

படத்தின் நாயகனான பிங்க் என்ற பையன் வகுப்பில் ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதுகிறான். வாத்தியார் நோட்டைப் பிடுங்கி, எல்லோரும் சிரிக்கும்படி வாசித்துக் காட்டுகிறார். (அவர் கேலி செய்யும் அந்த வரிகள், இதே குழு 1973-ல் வெளியிட்ட 'மணி' (Money, அதாவது பணம்) பாட்டின் வரிகள்.) அப்புறம் அடி. அங்கிருந்துதான் 'அனதர் ப்ரிக் இன் த வால்' பாட்டு எடுக்கிறது. முகமூடி போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கறி அரைக்கும் இயந்திரத்தில் விழுகிறார்கள். பிறகு முகமூடியைக் கழற்றி எறிந்து பெஞ்சுகளை உடைக்கிறார்கள், தீ வைக்கிறார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி அதே வகுப்பு. எதுவும் எரியவில்லை. பையன் அடிபட்ட கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் கலவரம் என்று பார்த்தது முழுக்க அவன் மனசுக்குள் நடந்தது.

ஆல்பத்தில் இது கிடைக்காது. இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள் கோரஸ் பாடிய அந்தப் பாட்டு 1979-ல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. கேட்கிற யாரும் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் தங்கள் போராட்டத்தில் அதைப் பாடினார்கள். 1980-ல் அரசாங்கம் தடையே போட்டது. பாட்டின் பலம் அது. படம் அதே பாட்டை ஒரே ஒரு பையனிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. இயக்குநர் ஆலன் பார்க்கர் செய்த பெரிய காரியமாக நான் நினைப்பது இதைத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். ஆல்பத்தை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் அப்பா 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் இறந்தார். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். ஆல்பத்தில் அப்பாவுக்குக் கிடைப்பது சில வரிகள். படத்தில் அவர்தான் அடித்தளம். ஆல்பத்தில் இல்லாத 'வென் த டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ' என்ற பாட்டே அவருக்காகச் சேர்க்கப்பட்டது.

விளையாட்டு மைதானக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அப்பா துணை இருக்கிறது. போரில் அப்பாவை இழந்த பிங்க் தனியாக நிற்கிறான். யாரோ ஒருவர் இவனையும் ராட்டினத்தில் ஏற்றிவிடுகிறார். அவ்வளவுதான், அவர் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறான். அவர் உதறுகிறார். மறுபடி பிடிக்கிறான். மறுபடி உதறுகிறார். இதில் வசனம் என்ன எழுத முடியும்? வளர்ந்த பிங்க்காக வரும் பாப் கெல்டாஃபும் பெரும்பாலும் பேசாமலே நடித்திருக்கிறார். ஹோட்டல் அறையில் டி.வி. முன்னால் அவர் உட்கார்ந்திருக்க, விரலிடுக்கில் சிகரெட் முழுக்கச் சாம்பலாகி நிற்கிறது. தட்டிவிடக்கூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. கைபிடிக்க ஆளில்லாத பையன் முப்பது வயதில் எப்படி இருப்பான் என்பதற்கு எனக்கு இந்த ஒரு ஷாட் போதும்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா, மனைவி இருவரையும் படம் கொடுமைக்காரிகளாகவே பார்க்கிறது. படத்துக்கு அனிமேஷன் வரைந்த ஜெரால்ட் ஸ்கார்ஃபின் கார்ட்டூன்களில் அது இன்னும் மோசம். அவர் கோடுகளை எவ்வளவு ரசித்தாலும் அந்த இடங்களில் எனக்கு உறுத்துகிறது. 'ஹே யூ' பாட்டைப் படமாக்கிவிட்டு வெட்டியதும் பெரிய இழப்பு. தனிமையில் கிடப்பவன் வெளியே கை நீட்டும் பாட்டு அது ஒன்றுதான். அது இல்லாததால் படத்தின் பின்பாதி மூச்சுவிட இடம் தராமல் நெருக்குகிறது. 95 நிமிடத்தில் அதற்கு இடம் இல்லாமலா போயிற்று?

மொட்டைத் தலையர்கள் விஷயம். சுத்தியல் சின்னம் குத்திய அந்தக் கூட்டத்துக்கு நிஜ ஸ்கின்ஹெட்களையே பிடித்து வந்து நடிக்கவைத்தார்கள். அந்தக் கூட்டத்தின் மேடையில் சர்வாதிகாரியாக நின்று கத்துகிறவன், மைதானத்தில் கை உதறப்பட்ட அதே பையன். பார்க்கும்போது பயமாக இருந்தால் காட்சி சரியாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அப்புறம் பிங்க்கின் மனசுக்குள் ஒரு விசாரணை, அவன் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொண்ட சுவர் வெடிக்கிறது. படம் முடிந்தது என்று நீங்கள் எழுந்து போயிருப்பீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கிறது. தெரு முழுக்க இடிபாடு. சின்னப் பிள்ளைகள் சிலர் கற்களைப் பொறுக்குகிறார்கள். ஒரு பையனுக்குத் துணித்திரி செருகிய பாட்டில் ஒன்று கிடைக்கிறது, கலவரத்தில் வீசாமல் போன பெட்ரோல் குண்டு. திரியை உருவி, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, உள்ளே இருப்பதைத் தரையில் ஊற்றுகிறான். படம் அங்கே அப்படியே உறைந்து நிற்கிறது.